47 செகண்டும் ஒரு காந்தாரமும்

போன்ல இடம் இல்ல இடம் இல்லன்னு ஒரு வாரமா கத்திட்டே இருந்துச்சு, சரி பழசு எதையாவது அழிப்போம்னு வாய்ஸ் ரெக்கார்டர தொறந்தா உள்ள 260 சொச்சம் ஃபைல். கிடார் வாசிக்கிறவங்க யார் போன எடுத்துப் பாத்தாலும் இதே கதையாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன், பாதி ராத்திரில ஏதோ நாலு நோட்டு நல்லா வந்துச்சுன்னு அவசர அவசரமா ரெக்கார்ட் பண்ணிருப்போம், காலைல கேட்டா இதுக்கா தூக்கத்த கெடுத்துக்கிட்டோம்னு இருக்கும். ஒண்ணொண்ணா கேட்டு ஒண்ணொண்ணா அழிச்சுட்டே வந்தேன். 'ரெக்கார்டிங் 212'ல கை நின்னுருச்சு.

47 செகண்ட்தான். பின்னாடி மழை கொட்டுது. தூரத்துல ஒரு பொம்பளக் குரல் "மேல வந்துருங்க, மேல வந்துருங்க"ன்னு யாரையோ கூப்பிடுது. அதுக்கு நடுவுல கிடார். நான் வாசிச்சதுதானான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. பெருமைக்குச் சொல்லல, இருபது வருஷமா வாசிக்கிறேன், என் கையோட எல்லை எனக்கு நல்லாவே தெரியும், எந்த ட்யூன ஆரம்பிச்சாலும் கடைசில ஜி, சி, டி, இ மைனர்னு அதே நாலு கார்ட்ல (சேந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம்) வந்து உக்காந்துக்கும், கல்யாண மண்டபத்துல தெரிஞ்ச மூஞ்சியா தேடிப் போய் பக்கத்துல உக்கார்ற மாதிரி. இது அந்தக் கை வாசிச்ச மாதிரியே இல்ல. அடில ஒரு கம்பி ம்ம்ம்னு நிக்குது, அதுக்கு மேல மோகனம் சாயல்ல அஞ்சு ஸ்வரம் மெதுவா ஏறி இறங்குது (மோகனம்னே சொல்லிட்டா சங்கீதம் தெரிஞ்சவங்க அடிக்க வருவாங்க, அதனால சாயல்), நடுவுல ஒரு கம்பி யாரும் தொடாமயே ஒலிச்சுட்டு இருக்கிற மாதிரி ஒரு இனிப்பு. பத்து தடவ கேட்டேன். ஃபைல அழிக்கல, அன்னிக்கு வேற எதையுமே அழிக்கல.

தேதி பாத்தா 2023 டிசம்பர் 4, சாயங்காலம் 6:52. மிக்ஜாம் புயல். அந்த நாள் சென்னைல இருந்தவங்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்ல. நாங்க மடிப்பாக்கத்துல ரெண்டாவது மாடி, கீழ பைக்கெல்லாம் சீட் வரைக்கும் தண்ணில, காலைலேருந்து கரண்ட் இல்ல, போன்ல சார்ஜ் 19 பர்சென்ட், அத வச்சு எத்தன நாள் ஓட்டணும்னு யாருக்கும் தெரியாது. இருட்டுல செய்ய ஒண்ணும் இல்லாம கிடார எடுத்திருக்கேன். இருந்த சார்ஜையும் இதுக்கா செலவு பண்றன்னு வீட்ல திட்டு வாங்கினது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. கம்பிய எப்படி வச்சிருந்தேன்றது சுத்தமா ஞாபகம் இல்ல.

அதுதான் பிரச்சனை. சாதாரண ட்யூனிங்ல (எந்தக் கம்பி எந்த ஸ்வரத்துல நிக்கணும்ன்ற வழக்கமான ஏற்பாடு) உக்காந்து வாசிச்சுப் பாத்தா வரவே மாட்டேங்குது, நோட்டு வருது, ஆனா அந்த அடிக் கம்பியும் நடுக் கம்பியும் ஒண்ணா நிக்கறதுக்கு விரல் பத்தல. அந்தச் சமயத்துல நான் கம்பிய மாத்தி மாத்தி வச்சு வாசிக்கிற பைத்தியத்துல இருந்தேன், எதையும் எழுதி வைக்கிற பழக்கம் கிடையாது. ஹவாய்ல 'கீ ஹோஅலு'ன்னு ஒரு கிடார் மரபு இருக்கு, பேருக்கே கீய, அதாவது கம்பிய முறுக்குற திருகத் தளர்த்துன்னுதான் அர்த்தம், 1830கள்ல மெக்சிகோலேருந்து மாடு மேய்க்க வந்தவங்க கொண்டு வந்த கிடார அந்த ஊர்க்காரங்க தங்களுக்கு ஏத்த மாதிரி தளர்த்தி வச்சு வாசிக்க ஆரம்பிச்சு வளந்தது. அங்க ஒவ்வொரு குடும்பமும் தன்னோட ட்யூனிங்க வெளிய சொல்லாம ரகசியமா வச்சிருப்பாங்களாம். நான் அவங்களுக்கும் ஒரு படி மேல போய் என்கிட்டயே ரகசியமா வச்சுட்டேன்.

ரெண்டு வாரக் காதல்

இந்தப் பைத்தியம் எப்படி ஆரம்பிச்சுதுன்னா, மேல சொன்ன அதே நாலு கார்ட் சலிப்புதான். வாசிக்கத் தெரிஞ்சவனுக்கு வர்ற வியாதி இது, விரலுக்கு வழி தெரிஞ்சு போச்சுன்னா மூளைய கேக்காது. அப்போதான் டேட்கேட் ட்யூனிங் கைக்கு வந்துச்சு, அதாவது அடிக் கம்பிலேருந்து டி ஏ டி ஜி ஏ டி. இங்கிலாந்துல டேவி கிரஹாம்னு ஒருத்தர் 1960கள் தொடக்கத்துல மொராக்கோ பக்கம் போய், அங்க ஊத் (அரபு தந்தி வாத்தியம்) வாசிக்கிறவங்களோட சேர்ந்து வாசிக்க வசதியா இத புடிச்சார்னு சொல்வாங்க. எனக்கு அந்தக் கதையெல்லாம் அப்புறம்தான் தெரியும். மொத தடவ கம்பிய இறக்கி வச்சு ஒரு இழு இழுத்ததும் எனக்குத் தோணினது ஒண்ணுதான், இது நம்ம வீட்டு விஷயமாச்சே. டிய ஷட்ஜமா, அதாவது ச-வா வச்சுப் பாத்தா ச ப ச ம ப ச. வீணைல வாசிக்கிற நாலு கம்பியும் ச ப ச ப தான, கர்நாடக வயலினும் அதே ச ப ச ப. நடுவுல ஒரு மத்யமத்த மட்டும் சொருகி வச்ச மாதிரி. ஒப்பிட்டுப் பாக்க சாதாரண கிடார் ட்யூனிங்க ஸ்வரத்துல சொன்னா, இ ஷட்ஜம்னா ச ம நி க ப ச, கூட்டணி ஆட்சி மாதிரி, எல்லாருக்கும் ஒரு சீட்டு உண்டு, யாருக்கும் முழுசா திருப்தி கிடையாது. எல்லா சுருதிலயும் எல்லா கார்டும் கைக்கு எட்டணும்னு பண்ணின ஏற்பாடு அது, அந்த வேலைய அது நல்லாவே செய்யுது.

டேட்கேட்ல மொத ரெண்டு வாரம் சொர்க்கம். எந்த விரல எங்க வச்சாலும் ஏதோ ஒண்ணு புதுசா கேக்குது, தெரிஞ்ச வழி எல்லாம் அடைஞ்சு போச்சு, காது வேற வழி இல்லாம முழிச்சுக்கிச்சு. பதினஞ்சாம் நாள் பாத்தா விரல் அங்கயும் ஒரு ஜி-சி-டி கண்டுபிடிச்சு வச்சிருக்கு! ரெண்டாவது ஃப்ரெட் (வீணை மெட்டு மாதிரி கிடார் கழுத்துல குறுக்க பதிச்சிருக்கிறது), அஞ்சாவது ஃப்ரெட், ஏழாவது ஃப்ரெட், திரும்பி வா. சரின்னு ஓப்பன் ஜி போனேன், டி ஜி டி ஜி பி டி, ஓப்பன்னா விரலே வைக்காம மீட்டினாலே அந்த கார்ட் வரும். ரோலிங் ஸ்டோன்ஸ் கிடாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸ் இதுல ஆறாவது கம்பியையே (அதான் அடிக் கம்பி) கழட்டிப் போட்டுட்டு மிச்சம் அஞ்சுலதான் வாசிப்பாரு. நானும் கழட்டினேன், எனக்கு ஒண்ணும் வரல, கழட்டின கம்பி தொலைஞ்சு போனதுதான் மிச்சம். அப்புறம் ஓப்பன் சி, அப்புறம் நானே மனசுக்குத் தோணினபடி திருகினது ஒரு பத்து. ஒவ்வொண்ணும் அதே ரெண்டு வாரம்தான் தாங்குச்சு. இதுல காசு வேற. கம்பிய ரெண்டு செமிடோன் (ரெண்டு ஃப்ரெட் தூரம்) ஏத்தினா இழுவிசை நாலுல ஒரு பங்குக்கு மேல கூடும், ஒரு ராத்திரி ஓப்பன் ஏ-ன்னு மூணாவது, நாலாவது கம்பிய எல்லாம் மேல ஏத்தப் போய் ஒண்ணு பட்டுன்னு அறுந்து புறங்கைல கோடு போட்டுருச்சு. அதுலேருந்து இறக்குறதோட சரி, ஏத்துறதே இல்ல.

என் கூட காலேஜ்லேருந்து வாசிக்கிற ஃப்ரெண்டு ஒருத்தன், எலெக்ட்ரிக்ல பொளந்து கட்டுவான், அவனுக்கு இது சுத்தமா புடிக்காது. "கம்பிய சும்மா தட்டினாலே கார்ட் வருதுன்னா அப்புறம் நீ எதுக்கு மச்சான், ஃபேன் காத்துல தொங்கவிட்டா அதுவே வாசிக்குமே"ன்னான். நான் உடனே கனடா பாடகி ஜோனி மிட்செல் பேர இழுத்தேன், ஒம்பது வயசுல போலியோ வந்து இடது கை பலம் கொறஞ்சு போய், வழக்கமான கார்ட் புடிக்க முடியாமதான அவங்க கம்பிய மாத்தி வைக்க ஆரம்பிச்சாங்க, அம்பதுக்கும் மேல ட்யூனிங் வச்சிருந்தாங்க, அது ஏமாத்தா சொல்லுன்னு கேட்டேன். "அவங்களுக்கு கை முடியல, உனக்கு என்ன கேடு"ன்னு கேட்டுட்டு டீய குடிச்சான். எனக்கு பதில் வரல. அந்தக் கேள்வி ரொம்ப நாள் உள்ள கெடந்து குடைஞ்சுது, ஏன்னா ஒரு பக்கம் அவன் சொல்றது உண்மை. எனக்குத் தெரியாத இடத்துல விரல் தற்செயலா விழுந்து வந்த ட்யூன் என்னோடதா, ட்யூனிங்கோடதா? ஒரு தடவ வேணும்னே டேட்கேட்ல பண்ணின ஏழு ட்யூன எடுத்து சாதாரண ட்யூனிங்ல வாசிச்சுப் பாத்தேன், ட்யூன்னு ஏதாச்சும் மிஞ்சுதான்னு. ஒண்ணுதான் தேறுச்சு. மத்த ஆறும் வெறும் ரீங்காரம், அதுக்குள்ள பாட்டே இல்ல.

அதனாலயே இந்த 212 என்ன விடல. இதுல ட்யூன் இருக்கு. வாயால முணுமுணுத்தாலும் நிக்குது.

மழைக்குள்ள ஒளிஞ்சிருந்த ஒரு கம்பி

மொதல்ல டேட்கேட்னுதான் நினைச்சேன், அந்த மாசம் அதுலதான இருந்தேன். மூணு ஞாயித்துக்கிழமை அதுலயே மல்லுக்கட்டினேன். கிட்ட வரும், ஒட்டாது. வீட்ல "புது பாட்டா"ன்னு கேட்டாங்க, பழைய பாட்டுதான், நான் போட்டதுதான், எனக்கே வாசிக்கத் தெரியலன்னு சொன்னா ஒரு மாதிரி பாத்துட்டு போயிட்டாங்க.

அப்புறம் ஹெட்போன் போட்டு கேட்டப்போதான் 39வது செகண்ட்ல ஒண்ணு மாட்டுச்சு. பன்னண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல விரல சும்மா தொட்டு ஆறு கம்பியையும் அடிலேருந்து மேல மெதுவா வருடியிருக்கேன். ஹார்மோனிக்ஸ். ஸ்பீக்கர்ல கேட்டா மழைச் சத்தம் அத முழுங்கிடுது. பன்னண்டாவது ஃப்ரெட் ஹார்மோனிக்ஸ்னா திறந்த கம்பியோட அதே ஸ்வரம், ஒரு ஸ்தாயி மேல, அவ்வளவுதான், அப்போ நானே ட்யூனிங்க வாய்விட்டு சொல்லிட்டு போன மாதிரிதான். ஒரு பேப்பர்ல எழுதினேன். ச ப ச க ப ச. நடுவுல இருந்தது மத்யமம் (ம) இல்ல, காந்தாரம் (க). டி ஏ டி எஃப் ஷார்ப் ஏ டி, ஓப்பன் டி! ரொம்பப் பழசான, எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு ட்யூனிங். ப்ளூஸ் காரங்க ஸ்லைடு (கம்பி மேல வழுக்குற குழாய்) போட்டு தேய்ச்சு தேய்ச்சு வாசிச்சது. கொஞ்சம் ஏமாத்தமாத்தான் இருந்துச்சு, நான் ஏதோ யாருக்கும் தெரியாத புதையல்னு நினைச்சிருந்தேன்.

உடனே க்ளிப் ட்யூனர (ஸ்வரம் சரியா நின்னா பச்சை லைட் காட்டுற கருவி) மாட்டி ஆறு கம்பிக்கும் பச்சை லைட் எரியவிட்டு வாசிச்சேன். விரல் எல்லாம் அதுவா போய் உக்காருது, நாலாவது கம்பி திறந்தா ச, அதுல ரெண்டாவது ஃப்ரெட் ரி, மூணாவது கம்பி திறந்தா க, ரெண்டாவது கம்பி திறந்தா ப, அதுல ரெண்டாவது ஃப்ரெட் த, ஒண்ணாவது கம்பி மேல் ச. மோகனம் அப்படியே தட்டுல எடுத்து வச்ச மாதிரி. இதேதான், சந்தேகமே இல்ல. ஆனா கேட்டா அது இல்ல. நோட்டு அதே நோட்டு, வரிசை அதே வரிசை, அந்த இனிப்பு மட்டும் காணோம். ஊரத் தாண்டி வாங்கிட்டு வந்த டிகிரி காபிப் பொடிய நம்ம வீட்டுத் தண்ணில போட்டா இருக்குமே அப்படி.

அடுத்த ரெண்டு மாசம் நான் பண்ணாத முட்டாள்தனம் இல்ல. கம்பி புதுசா இருக்கு அதான்னு பழைய கம்பிய தேடி மாட்டினேன், பழசுல வரலன்னு புதுசு வாங்கினேன், பத்து கேஜ், பன்னண்டு கேஜ்னு வேற வேற தடிமன்ல. மழை ஈரத்துல மரம் உப்பி சத்தம் மாறியிருக்கும்னு ஒரு தியரி. ஒருவேள எதிரொலியான்னு பாத்ரூம்ல போய் வாசிச்சேன். கடைசில, அன்னிக்கு ஊரே தண்ணில மிதந்துச்சு, மனசு பயந்து போயிருந்துச்சு, அந்த பயம்தான் வாசிப்புல இருக்கு, அது இனி வராதுன்னு ஒரு முடிவுக்கு வந்தேன். கேக்க நல்லா இருக்கும் இந்த மாதிரி விளக்கம் எல்லாம், நாலு பேர்கிட்ட சொல்லியும் இருக்கேன். ஒண்ணு ரெண்டு பேர் தலைய ஆட்டினாங்க.

பச்சை லைட் எரிஞ்சும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மதியம், எல்லாரும் தூங்கிட்டு இருந்தாங்க, அந்த ரெக்கார்டிங்கோட சேர்ந்தே வாசிச்சுப் பாக்கலாம்னு தோணுச்சு. இத ஏன் மொதல்லயே பண்ணலன்னு கேக்காதீங்க. சேர்ந்து வாசிச்சதும் மொத தெரிஞ்சது, ரெக்கார்டிங்ல கிடார் மொத்தமாவே கொஞ்சம் இறங்கி இருக்கு. அது புரிஞ்ச விஷயம்தான், அன்னிக்கு க்ளிப் ட்யூனர்ல பேட்டரி செத்துப் போச்சு, போன் ஆப்ப தொறந்தா சார்ஜ் போயிரும், அதனால ஆறாவது கம்பி எங்க இருந்துச்சோ அத குத்துமதிப்பா ரெண்டு இறக்கி, அத ஷட்ஜமா வச்சு மத்ததெல்லாம் காதால சேர்த்திருக்கேன். ட்யூனர்ல ஏ ஸ்வரத்தோட அளவ வழக்கமான 440 ஹெர்ட்ஸ்லேருந்து இறக்கிட்டே வந்தேன், 434ல என் அடிக் கம்பியும் ரெக்கார்டிங்கோட அடிக் கம்பியும் ஒட்டிக்கிச்சு. அஞ்சு, நாலு, ரெண்டு, ஒண்ணு, எல்லாம் ஒட்டிக்கிச்சு. அப்புறம் அந்த 39வது செகண்ட் ஹார்மோனிக்ஸ மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு மூணாவது கம்பிய தொட்டேன்.

வ்வா வ்வா வ்வா. ரெண்டு ஸ்வரம் கிட்ட இருந்தும் ஒண்ணா இல்லன்னா ஒரு ஆட்டம் கேக்குமே, அது. செகண்டுக்கு ஒரு மூணு தடவ. என் கம்பில பச்சை லைட் ஸ்டெடியா எரியுது, ஆனா ஆடுது. மத்த அஞ்சு கம்பியும் ஆடல. கீய ஒரு நூல் அளவு இறக்கினேன், ஆட்டம் மெதுவாச்சு. இன்னும் கொஞ்சம். வ்வா… வ்வா… அப்புறம் நின்னுருச்சு. ட்யூனர் இப்போ சிவப்புல கத்துது, முள்ளு இடது பக்கம் சாஞ்சு கெடக்கு, ஒரு 14 சென்ட் கீழ. ஒரு செமிடோன ஏழா பிரிச்சா அதுல ஒரு பங்கு, அவ்வளவுதான் வித்தியாசம். ரெக்கார்டிங்க நிறுத்திட்டு ஆறு கம்பியையும் சேத்து ஒரு தடவ மீட்டினேன்.

அது வந்துருச்சு. மதியம் ரெண்டரை மணி, மழையும் இல்ல புயலும் இல்ல, மேல ஃபேன் வேற டக்கு டக்குன்னு அடிச்சுட்டு இருந்துச்சு. அன்னிக்கு எனக்கு பயமும் கெடையாது ஒண்ணும் கெடையாது. காந்தாரம்தான் விஷயம்.

நடந்தது என்னன்னு யோசிச்சா ரொம்ப சிம்பிள். கிடார்ல ஃப்ரெட் எல்லாம் ஒரே நேர் கோடா ஆறு கம்பிக்கும் பொதுவா போட்டிருக்கு, எல்லா சுருதிலயும் வாசிக்கணும்னு ஸ்தாயிய பன்னண்டு சம பங்கா வெட்டினது. ட்யூனரும் அதே பன்னண்டுதான் தெரிஞ்சு வச்சிருக்கு. அந்த வெட்டுல ஷட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் (இங்க வர்ற க) நடுவுல 400 சென்ட். ஆனா காது கேட்டு சேத்தா காந்தாரம் போய் நிக்கிற இடம் 386, ரெண்டு ஸ்வரத்தோட அதிர்வும் நாலுக்கு அஞ்சுன்ற கணக்கு. பஞ்சமத்துல இந்தத் தகராறு ரெண்டே சென்ட்தான், யாருக்கும் தெரியாது, எல்லா பாவத்தையும் காந்தாரம்தான் சுமக்குது. தம்புரா சரியா சேந்திருந்தா யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் தானா எந்திரிச்சு வந்து கேக்கும், ஸ்வயம்பு காந்தாரம்னு சொல்வாங்களே, அது இந்தக் காந்தாரம்தான், ஷட்ஜக் கம்பிக்குள்ளயே அஞ்சாவது ஹார்மோனிக்கா ஒளிஞ்சிருக்கு. கிடார்லயும் எடுத்துப் பாக்கலாம், டி-க்கு இறக்கின ஆறாவது கம்பில நாலாவது ஃப்ரெட்டுக்கு ஒரு முடி அளவு கிடாரோட தலைப் பக்கம் சும்மா தொட்டு மீட்டினா கணீர்னு வரும். அத வச்சு மூணாவது கம்பிய சேத்துப் பாத்தேன், ரெக்கார்டிங்கோட அச்சு அசலா ஒட்டுது. அன்னிக்கு இப்படி சேத்தேனா, இல்ல சும்மா மீட்டி மீட்டி உறுத்தாத வரைக்கும் திருகினேனான்னு தெரியல. எப்படிப் பண்ணியிருந்தாலும் கம்பி அங்கதான் போய் நின்னிருக்கும்.

வீணை கத்துக்கிட்ட எங்க பெரியம்மாகிட்ட போன்ல இத பெரிய கண்டுபிடிப்பு மாதிரி பத்து நிமிஷம் மூச்சு விடாம சொன்னேன். "அது அங்கதானடா நிக்கும், வேற எங்க போகும்"னுட்டு, பையனுக்கு ஜுரம் விட்டுதான்னு கேட்டாங்க. அவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல. வீணைல மெட்டுகள மெழுகுல பதிச்சு காதால மேளம் கட்டுறவங்க (மெட்டுகள ஸ்வரத்துக்கு நிறுத்துறத அப்படித்தான் சொல்வாங்க), சரியில்லன்னா நகத்தி வச்சுப்பாங்க. நமக்கு ஃபேக்டரிலயே அடிச்சு அனுப்பிட்டாங்க.

எனக்கு ரொம்ப உறைச்சது வேற ஒண்ணு. இத்தன வருஷமா பத்து பன்னண்டு ட்யூனிங்ல நான் ட்யூன் பண்ணதே இல்ல, சார்ட்ட பாத்து, லைட்ட பாத்து, திருகினேன். அதுக்கு முப்பது செகண்ட் ஆகும். அன்னிக்கு இருட்டுல ஒரு கம்பிய இன்னொண்ணோட சேக்கறதுக்கே கால் மணி நேரமாவது ஆகியிருக்கும், அத்தன நேரம் ச-வும் ப-வும் காதுக்குள்ள ஓடிட்டே இருந்திருக்கு, விரல் மொத ஸ்வரத்த தொடும்போது காது ஏற்கனவே அங்க குடி போயிருச்சு. கச்சேரில மேடை ஏறினதும் அவங்க தம்புராவ திருகிட்டு மிருதங்கத்த தட்டிட்டு உக்காந்திருப்பாங்களே, சின்ன வயசுல அது எனக்கு பெரிய தொல்லையா தெரியும், எப்போ ஆரம்பிப்பாங்கன்னு. ஃப்ரெண்டோட கேள்விக்கு இதையே பதிலா சொல்லலாம்னு நினைச்சேன், கேட்டா அவன் "அப்போ ட்யூனர் விக்கிறவன் எல்லாம் முட்டாளா"ன்னுவான். அதுவும் நியாயம்தான், டிரம்ஸும் பேஸும் நடுவுல நின்னு வாசிக்கிறவனுக்கு அந்தப் பச்சை லைட்தான் தெய்வம்.

தொடாத கம்பி

இதோட கதை முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ட்யூனிங் கிடைச்சுருச்சு, இனி 47 செகண்ட நாலு நிமிஷமா ஆக்க வேண்டியதுதானன்னு உக்காந்தேன். அஞ்சு நிமிஷத்துல முட்டிக்கிச்சு. மூணாவது கம்பிய 14 சென்ட் இறக்கினா திறந்த ஸ்வரம் மட்டுமா இறங்கும், அந்தக் கம்பில இருக்கிற அத்தன ஃப்ரெட்டும் சேந்து இறங்கும். மூணாவது ஃப்ரெட்ல பஞ்சமம் வச்சா பக்கத்துல திறந்து கெடக்கிற ரெண்டாவது கம்பி பஞ்சமத்தோட சண்டை. ஒண்ணாவது ஃப்ரெட் மத்யமம் சோகமா தொங்குது. சரி மேல் காந்தாரத்துக்கு போலாம்னு ஒண்ணாவது கம்பில நாலாவது ஃப்ரெட்ட வச்சா, அது ஃபேக்டரி காந்தாரம், கீழ இருக்கிறது காதுக் காந்தாரம், ரெண்டும் ஒரே ராகத்துல ரெண்டு ஊர்க்காரங்க மாதிரி மொறைச்சுக்குது.

அப்புறம்தான் 212ஐ திரும்பக் கேட்டேன், இந்தத் தடவ எந்தக் கம்பில என்ன வாசிச்சிருக்கேன்னு மட்டும் குறிச்சுட்டே. 47 செகண்ட்ல மூணாவது கம்பில ஒரு தடவ கூட விரல அமுக்கவே இல்ல. முழுக்க திறந்தேதான் கெடக்கு. மேல் காந்தாரத்துக்கும் போகவே இல்ல, மேல் ஷட்ஜம், ரிஷபம், அதோட திரும்பிடுது. எனக்கு அன்னிக்கு 386ஓ 400ஓ ஒரு மண்ணும் தெரியாது, ஆனா காது எங்க போனா உறுத்தும்னு பாத்து பாத்து கைய வேற பக்கம் திருப்பி விட்டிருக்கு. அந்த ட்யூன் அவ்வளவு அமைதியா, அவ்வளவு கொஞ்சமா இருக்கறதுக்கு காரணம் என் ரசனைன்னு நினைச்சுட்டு இருந்தேன். மிச்ச வழியெல்லாம் அடைப்பு, அதான்.

ஸ்லைடு போட்டு வாசிக்கிறவங்களுக்கு இந்தப் பிரச்சனையே கெடையாது, விஸ்வமோகன் பட் மாதிரி மடில கிடார படுக்க வச்சு உருட்டினா ஃப்ரெட்டுக்கு வேலையே இல்ல, எங்க வேணா நிக்கலாம். நானும் ஒரு வாரம் ஒரு கண்ணாடி ஸ்லைட வச்சு முயற்சி பண்ணேன், பக்கத்து வீட்டு நாய் ஊளையிட ஆரம்பிச்சுது, விட்டுட்டேன்.

வழி கிடைச்சது அசட்டுத்தனமான ஒரு இடத்துல. ஒண்ணாவது கம்பில நாலாவது ஃப்ரெட்ட இறக்க முடியாது, கம்பிய இழுத்தா ஸ்வரம் ஏறத்தான் செய்யும், இறங்காது. ஆனா மூணாவது ஃப்ரெட்ட வச்சு இழுத்தா? அங்கேருந்து முழு செமிடோன் ஏத்தாம கொஞ்சம் முன்னாடியே, கீழ திறந்த காந்தாரம் ஒலிச்சுட்டு இருக்கும்போதே அதோட ஒட்டுற இடத்துல நிறுத்தினா? வீணைல மெட்ட புடிச்சு கம்பிய இழுக்கறது தினம் நடக்கிறதுதான, நான்தான் ப்ளூஸ் பெண்டுன்னு தனி டப்பால போட்டு வச்சிருந்தேன். நல்லவேளையா ஒண்ணாவது கம்பிய இ-லேருந்து டி-க்கு இறக்கினதுல இழுவிசை அஞ்சுல ஒரு பங்கு கொறஞ்சிருக்கு, இழுக்க வெண்ணெய் மாதிரி வருது. பத்துல மூணு தடவ சரியா போய் நிக்குது. மிச்ச ஏழு தடவ பூனை கத்துற மாதிரி இருக்கு. மேல் காந்தாரம் கிடைச்சதால ஒரு இருபது செகண்ட் கூடியிருக்கு, அதுல ஒரு இறக்கம் மட்டும் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. மொத்தம் 67 செகண்ட். பதினஞ்சு நாள் எப்பவோ தாண்டியாச்சு, விரல் இன்னும் இங்க ஒரு ஜி-சி-டி கண்டுபிடிக்கல, தேடிட்டேதான் இருக்கும், எனக்குத் தெரியும்.

இந்தத் தடவ எழுதி வச்சேன். ஜோனி மிட்செல் பாட்டுகளோட ட்யூனிங்க குறிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு, அடிக் கம்பி என்னன்னு ஒரு எழுத்து, அப்புறம் அந்தக் கம்பில எத்தனாவது ஃப்ரெட்ட அமுக்கினா அடுத்த கம்பி வரும்னு வரிசையா நம்பர். ஓப்பன் டி-ன்னா டி 7 5 4 3 5. அந்த நாலு மட்டும் இப்போ நாலு இல்ல, நாலுக்கு ஒரு முடி கம்மி, அத எப்படி நம்பர்ல எழுதறதுன்னு தெரியாம, நேத்து ராத்திரி புது ரெக்கார்டிங்ல மொதல்ல வாய்விட்டே சொல்லிட்டேன். "டி 7 5 4 3 5, மூணாவது கம்பி அடிக் கம்பியோட காந்தாரத்துக்கு, லைட்ட பாக்காத." சொல்லிட்டு வாசிக்க ஆரம்பிச்சு பன்னண்டாவது செகண்ட்ல உள்ள குக்கர் விசில் அடிச்சுது. அதுவும் கிட்டத்தட்ட ஷட்ஜத்துலயே அடிச்சுது, அதனால நிறுத்தல.